டாக்டர் சீட் கிடைக்காதவர்களின் படிப்பா?

நீட் முடிவு வெளியான வாரத்தில் எல்லா ஊர்களிலும் நடக்கும் பேச்சு திருவண்ணாமலையிலும் நடக்கும். மார்க் போதவில்லை, எம்.பி.பி.எஸ். இல்லை, பல் மருத்துவம் கிடைக்குமா, சித்தா கிடைக்குமா, பிசியோதெரபி கிடைக்குமா என்று பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பட்டியலின் அடியில் எங்கோ, பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், மருத்துவ இயற்பியல் வந்து நிற்கும். அதைப் பற்றிய பொதுக்கருத்து மூன்றே வரியில் முடிந்துவிடும். டாக்டராக முடியாதவர்களுக்கு அது ஓர் ஆறுதல் பரிசு. வேலை என்று பார்த்தால், புற்றுநோயாளிக்குக் ‘கரண்ட் வைக்கிற’ அறையில் மெஷினைப் போட்டு அணைப்பது. அதையும் இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. படித்தவர்கள், பெற்றோர், கல்லூரி ஆசிரியர்கள் என்று பேதமில்லாமல் இதை நம்புகிறார்கள். நம்புவதால் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்று வரிகளில் ஒன்றுகூடச் சரியில்லை என்பதே என் வாதம். கதிரை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையில் எவ்வளவு கொடுத்தோம் என்பதை மருத்துவராலும் உணர முடியாது, நோயாளியாலும் உணர முடியாது. அந்த அளவுக்குப் பொறுப்பேற்கும் துறை சிகிச்சையின் ஓரத்தில் நிற்கும் துணை வேலையாக இருக்க வழியே இல்லை. இதற்கான முதல் சான்றைத் தேடி வெளியூர் போக வேண்டாம். செங்கம் சாலையில், ரமணாசிரமத்தின் வரலாற்றுக்குள்ளேயே அது இருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் இறுதியில் ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அதை அறுத்து எடுத்தார்கள். சில வாரங்களில் அது திரும்ப முளைத்தது. மார்ச் இறுதியில் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் இன்னும் ஆழமாக அறுத்தார். ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. கட்டி சார்கோமா என்ற புற்று எனச் சோதனையில் உறுதியானது. கையையே எடுத்துவிடுவதுதான் வழி என்று மருத்துவர்கள் கருதினார்கள். அவர் இணங்கவில்லை. ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என மேலும் இரண்டு அறுவைகள் நடந்தன. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு அவர் உடல் நீத்தார். இந்த வரலாற்றைக் கேட்டவர்கள் சிலர் அதிலிருந்து ஒரு மருத்துவத் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு போவதுண்டு: ரேடியம்கூட வைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, கதிர்வைத்தியத்தின் யோக்கியதை அவ்வளவுதான். தம் உடலைப் பற்றி அவர் எடுத்த முடிவு அவருடையது. அதை வழக்காட எவருக்கும் உரிமையில்லை. ரேடியத்தைப் பற்றிய தீர்ப்பு அப்படிப்பட்டதன்று. கதிரை அளந்து செலுத்தும் அறிவு 1949-இல் எந்த நிலையில் இருந்தது என்று கேட்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

அந்த நிலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ரேடியம் வைப்பது என்றால், அதை அடைத்த மெல்லிய உலோக ஊசிகளையோ குழாய்களையோ நோயுற்ற இடத்தில் சில மணி நேரமோ சில நாளோ வைத்திருந்து எடுப்பது. அதிலிருந்து வரும் காமா கதிர், தூரம் கூடக் கூட வேகமாக வலுவிழக்கும். ஒரு புள்ளியிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திசுவுக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திசுவுக்குக் கிடைக்கும். ஊசிக்கு ஒட்டிய தசை வெந்துபோகும். ஆழத்தில் ஒளிந்த புற்று தப்பிவிடும். எத்தனை ஊசி, எவ்வளவு இடைவெளி, எத்தனை மணி நேரம் என்பதை ஊகத்தில் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1934-இல், மான்செஸ்டர் நகரில் ரால்ஸ்டன் பேட்டர்சன் என்ற மருத்துவரும் ஹெர்பர்ட் பார்க்கர் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து அதற்கான அட்டவணைகளை உருவாக்கினார்கள். ஊசிகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் திசு முழுதும் ஏறக்குறையச் சமமான அளவு பெறும் என்பதே அவற்றின் சாரம். மேலோட்டமான சிறு கட்டிக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் தசைக்குள் எல்லை தெரியாமல் பரவிய சார்கோமாவுக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. கட்டி எதுவரை போயிருக்கிறது என்று காட்ட சி.டி. ஸ்கேன் கிடையாது. தோலைச் சுடாமல் ஆழத்துக்குப் போகும் உயர் ஆற்றல் கதிர்க்கற்றையும் அன்று நம் நாட்டில் கிடையாது. அந்த நிலைமையில் நேர்மையான மருத்துவர் ஒருவரால் கையை எடுத்துவிடலாம் என்பதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

அந்த ஒரே வழி எப்போது, எதனால் ஒரே வழியாக இல்லாமல் போனது என்பதற்கும் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1975-இலிருந்து 1981 வரை, கை கால்களில் தீவிர சார்கோமா வந்த 43 பேரை இரண்டு பிரிவாக்கியது. 16 பேருக்கு உறுப்பை நீக்கினார்கள். 27 பேருக்கு உறுப்பைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் அறுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் கீமோதெரபி தரப்பட்டது. கையையோ காலையோ காப்பாற்றிக்கொண்டவர்களில் நான்கு பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பியது உண்மை. ஆனால் உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 1982-இல் இந்த முடிவு வெளியானபின், சார்கோமா என்றால் உறுப்பை வெட்டு என்ற மருத்துவ வழக்கம் பின்வாங்கத் தொடங்கியது. கத்தியின் நுணுக்கம் கூடியது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்த முப்பது ஆண்டுகளில் கதிரை ஆழத்தில் குறிபார்த்துச் செலுத்தக் கற்றுக்கொண்டது. 1951-இல் கனடாவில் கோபால்ட்-60 கருவிகள் சிகிச்சைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றை வடிவமைத்து அதன் கற்றையை அளந்து அட்டவணைப்படுத்தியவர் ஹாரல்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர். 1953-இல் லண்டனில் நேர்கோட்டு முடுக்கி, அதாவது இன்று எல்லோரும் லினாக் என்று சொல்லும் கருவி, முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1957-இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கோபால்ட் கருவி வந்து சேர்ந்தது. மகரிஷி மறைந்து ஏழே ஆண்டுகள். 1949-இல் ரமணாசிரமத்தில் இருந்த மருத்துவர்களுக்குத் திறமையிலோ பக்தியிலோ குறைவில்லை. அன்று இல்லாமலிருந்தது, ஆழத்தில் கதிரின் அளவை அறுதியிட்டுச் சொல்லும் இயற்பியல்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பவர் மருத்துவர்தானே, மற்றவர்கள் அவர் சொன்னதைச் செய்பவர்கள்தானே என்பார்கள். தீர்மானிப்பவர் மருத்துவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எழுதும் தாளில் இருப்பது என்ன? அறுபது கிரே, முப்பது தவணை என்ற ஓர் எண். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. ஒரு தவணைக்கு இரண்டு கிரே. இந்த இரண்டு கிரே நோயாளியின் திசுவை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சூடாக்காது. வலிக்காது, தெரியாது, மணக்காது. நான்கு கிரே அளவு உடல் முழுதும் ஒரே சமயத்தில் பட்டால் சிகிச்சையில்லாதபோது ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். அதுவும்கூடப் படும் நேரத்தில் உணர முடியாத அளவுதான். மாத்திரையை எண்ணலாம், ஊசி மருந்தைச் சிரிஞ்சில் பார்க்கலாம். கதிர் எவ்வளவு போனது என்று கண்ணாலோ கையாலோ சரிபார்க்க உலகத்தில் எந்த மருத்துவராலும் முடியாது. தொண்டையில் உள்ள புற்றுக்கு அறுபதுக்கு மேல் வேண்டும். அதிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால் ஓடும் தண்டுவடத்துக்கு ஐம்பதைத் தாண்டினால் ஆபத்து. அளவு குறைந்தால் புற்று மிஞ்சும், கூடினால் நோயாளி முடங்கிப்போவார். தாளில் எழுதிய எண்ணும் திசுவுக்குள் இறங்கிய எண்ணும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று கதிர் அளவீட்டுக்கான பன்னாட்டு ஆணையம் 1976-இலேயே சொல்லிவிட்டது. அந்த ஐந்து விழுக்காட்டுக்குள் எண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மருத்துவ இயற்பியலாளரின் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் ‘மெஷினைப் போட்டு அணைப்பவர்’ என்ற பேச்சு தானாக அடங்கிவிடும். லினாக் கருவியின் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கப்படுகிறது. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தொட்டி உடலுக்குப் பதிலி. அதில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் விரல் நுனி அளவுகூட இல்லாத ஓர் அயனி அறை. கதிர் அந்த அறைக்குள் இருக்கும் காற்றை அயனியாக்கும். அதில் பிறக்கும் மின்னூட்டத்தை எண்ணினால் டோஸ் கிடைக்கும். ஆனால் அறைக்குள் இருப்பது வெளிக்காற்று. வெப்பம் கூடினால் காற்று விரியும், அறைக்குள் காற்றின் நிறை குறையும், எண் குறைத்துக் காட்டும். 20 டிகிரிக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்ட அறையை 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, திருத்தம் போட மறந்தால், மூன்றரை விழுக்காடு போய்விடும். ஐந்து விழுக்காட்டில் மூன்றரை, அறையின் வெப்பத்திலேயே செலவாகிவிட்டது. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறையக் கால்பங்கு குறைவு. அங்கே அழுத்தத் திருத்தம் போடாதவர் நோயாளிக்குக் கால்பங்குக்கும் மேலாக அதிக டோஸ் கொடுப்பார். கோபால்ட் கருவியாக இருந்தால் அதன் மூலப்பொருள் 5.27 ஆண்டுகளில் பாதியாகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு வலுவிழக்கிறது, சிகிச்சை நேரத்தை மாதாமாதம் கூட்ட வேண்டும். வெப்பமானியும் அழுத்தமானியும் மின்னூட்டமானியும் வைத்துக்கொண்டு ஒருவர் போடும் இந்தக் கணக்கு பிழைத்தால், அது ஒரு நோயாளியோடு நிற்காது. அன்றிலிருந்து அந்த மேசையில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் அதே பிழை போய்ச் சேரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு உலகம் கொடுத்த விலை பதிவாகியிருக்கிறது. 1990 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகர மருத்துவமனையில் பழுதான லினாக் ஒன்றைப் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்தபின் இயற்பியல் பிரிவு அளந்து பார்க்காமலே கருவி நோயாளிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் மானியின் முள் 36 என்ற எண்ணிலேயே நின்றது. முள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் முள் சரியாகத்தான் காட்டியது. கருவிதான் தவறான ஆற்றலைக் கக்கிக்கொண்டிருந்தது. பத்து நாளில் 27 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். ஒரு தொட்டித் தண்ணீரும் ஓர் அயனி அறையும் அரை நாள் வேலையும் அந்த உயிர்களைக் காத்திருக்கும். கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், பழுதுபார்க்கத் தெரிந்தவரும் இருந்தார். அளந்து, சரி என்று சொல்ல வேண்டியவரைத்தான் யாரும் கூப்பிடவில்லை. ‘டெக்னீஷியன் போதும்’ என்று இங்கே சொல்பவர்கள் இந்த ஒரு நிகழ்வுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அடுத்த ஆட்சேபம் காலத்துக்கு ஏற்றது. அதெல்லாம் பழைய கருவிகள். இப்போது கட்டியின் எல்லையைச் செயற்கை நுண்ணறிவு வரைகிறது, டோஸ் கணக்கை மென்பொருள் போடுகிறது, ஆள் எதற்கு என்கிறார்கள். மென்பொருளை நம்பியதால் வந்த விளைவும் பதிவில் உள்ளது. பனாமா நாட்டின் தேசியப் புற்றுநோய் மருத்துவமனையில் இருந்த மென்பொருள், கதிரை மறைக்கும் தடுப்புக் கட்டிகளை நான்குக்கு மேல் ஏற்காது. மருத்துவர்கள் ஐந்தாவது ஒன்றையும் கேட்டார்கள். ஊழியர்கள் எல்லாத் தடுப்புகளையும் ஒரே தடுப்புபோல் உள்ளிடும் குறுக்குவழியைக் கண்டார்கள். மென்பொருள் மறுக்கவில்லை, எச்சரிக்கவில்லை. சிகிச்சை நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் சில நிமிடங்களில் பிடிபட்டிருக்கும். 2000 ஆகஸ்டிலிருந்து 2001 மார்ச் வரை 28 நோயாளிகள் அந்த டோஸை வாங்கினார்கள். இங்கிலாந்தின் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1982-இல் புதிய கம்ப்யூட்டர் திட்ட முறை வந்தது. தூரத்துக்கான திருத்தத்தை அது தானே போட்டுக்கொண்டது. அது தெரியாமல் ஊழியர்கள் பழைய வழக்கப்படி கையாலும் அதே திருத்தத்தைப் போட்டார்கள். ஒன்பது ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், வேண்டியதைவிடக் குறைந்த டோஸ். அதிக டோஸ் தோலில் தெரியும். குறைந்த டோஸ் எங்கும் தெரியாது, சில ஆண்டு கழித்துத் திரும்பி வரும் புற்றாகத்தான் தெரியும், அப்போதும் விதி என்று சொல்லிவிடுவார்கள். கணக்கின் வேகத்தை மென்பொருள் கூட்டும். தவறான கணக்கின் வேகத்தையும் அதே அளவுக்குக் கூட்டும். மென்பொருள் கெட்டிக்காரத்தனம் அடைய அடைய, அது சொல்வதைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் அதனினும் கெட்டிக்காரராக இருந்தாக வேண்டும்.

கூர்மையான வாசகர் இந்த இடத்தில் என்னை மடக்கலாம். 1996-இல் கோஸ்டாரிகாவில் புதிய கோபால்ட் மூலத்தை அளந்தபோது 0.3 நிமிடத்தை, அதாவது 18 நொடியை, 30 நொடியாகக் கொண்டு கணக்குப் போட்டவர் யார்? இயற்பியலாளர்தான். அதனால் 115 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர் போனது. 1988-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் தவறாக அளந்ததால் 25 விழுக்காடு கூடுதல் டோஸ் போய் இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதும் அவர்கள் தரப்புப் பிழைதானே? உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பிழைகள் எந்த நிலைமையில் பிறந்தன என்று பார்க்க வேண்டும். ஒருவர் அளந்ததை மற்றொருவர் அளந்து பார்க்காத இடத்தில்தான் ஒரு தசமப் புள்ளி நூறு பேரைத் தாக்குகிறது. எக்சிட்டர் பிழை வெளிப்பட்டதே, வெளியிலிருந்து இயற்பியலாளர்கள் ஒப்பீட்டு அளவீடு செய்தபோதுதான். தனி மனிதப் பிழை என்பது ஆளைக் குறைப்பதற்கான வாதமாக முடியாது. இரண்டாவது ஆளை வைப்பதற்கான வாதம் அது. மேலும், 18 நொடிக்கும் 30 நொடிக்கும் உள்ள வேறுபாட்டில் நோயாளியின் குடல் அடங்கியிருக்கிறது என்று நினைவில் வைக்கும் மனம், ஒரு வாரப் பயிற்சியிலோ கருவி நிறுவனத்தின் கையேட்டிலோ உருவாவதில்லை. அணுக்கரு இயற்பியலோடு கதிர் உயிரியலையும் உடற்கூற்றையும் புள்ளியியலையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் படித்தால்தான் உருவாகும்.

சரி, சட்டம் கேட்கிறது என்பதற்காக ஒரு கையெழுத்துக்காரரை வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் இதில் அறிவியல் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆலன் கார்மக்கின் வாழ்க்கையே பதில். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் இயற்பியல் விரிவுரையாளர். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் மருத்துவமனையில் தகுதியான இயற்பியலாளர் மேற்பார்வை வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது. ஆள் இல்லாததால், 1956-இல் வாரத்தில் ஒன்றரை நாள் குரூட் ஷூர் மருத்துவமனைக்குப் போய்வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அங்கே கதிர்ச் சிகிச்சைத் திட்டம் போடுவதைப் பார்த்தார். எலும்பும் நுரையீரலும் தசையும் கதிரை வெவ்வேறு அளவில் உறிஞ்சும்போது, உடல் முழுதும் ஒரே பொருள் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்களே என்று அவருக்கு உறுத்தியது. உடலுக்கு வெளியே நின்று அளந்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியின் உறிஞ்சும் தன்மையையும் கணிதத்தால் மீட்டெடுக்க முடியுமா என்று யோசித்தார். 1963-இலும் 1964-இலும் விடையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேனுக்கு அடித்தளமான அந்தக் கணிதத்துக்காக, கருவியை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுடன் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருவரும் டாக்டருக்குப் படித்தவர்கள் அல்லர். மாவட்டத் தலைநகர்தோறும் ஸ்கேன் சென்டர் போர்டு தொங்குகிறதே, அதன் வேர் சட்டத்துக்காக வைக்கப்பட்ட ‘கையெழுத்துக்காரர்’ ஒருவரின் ஒன்றரை நாள் வேலையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் இத்துறை நேற்று முளைத்ததில்லை. பாரிஸில் மேரி கியூரியிடம் பயின்ற ராமையா நாயுடு, மும்பையில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் ரேடியம், ரேடான் சிகிச்சைக்கான இயற்பியல் பிரிவை அமைத்தார். இந்தியாவின் முதல் மருத்துவ இயற்பியலாளர் என்று துறையினர் அவரைத்தான் சொல்கிறார்கள். 1962-இல் டிராம்பேயில் கதிர் இயற்பியல் டிப்ளமோ தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் வேலூர் சி.எம்.சி.யும் இதை முதுநிலைப் பட்டமாகக் கற்பிக்கின்றன. இங்கேதான் ‘சீட் கிடைக்காதவர்கள்’ என்ற கருத்தின் அடித்தளமே சரிகிறது. இந்தப் படிப்புக்கு வாசல் பிளஸ் டூ முடித்ததும் திறப்பதில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடிக்க வேண்டும். பிறகு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி., அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குமேல் டிப்ளமோ. அதன்பிறகு வசதியுள்ள கதிர்ச் சிகிச்சைத் துறையில் ஓராண்டு பயிற்சி. கதிர்ப் பாதுகாப்பு அலுவலராக வேண்டுமானால் அதற்குத் தனித் தேர்வு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல். நீட் தரவரிசையில் எங்கே நின்றார் என்பதற்கும் இந்தப் பாதைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கி, கணிதம் என்றால் ஓடுகிறவரால் இதில் ஒரு செமஸ்டர் தாக்குப்பிடிக்க முடியாது. ஒன்றில் தோற்றவர்கள் ஒதுங்கும் திண்ணை என்று இதைச் சொல்பவர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஒன்று உண்டு. அதுவும் பெண்பிள்ளை என்றால் கூடும். கதிரோடு புழங்கினால் உடம்பு என்ன ஆகும், நாளைக்குக் குழந்தை பிறக்குமா? அச்சத்தை நையாண்டி செய்யத் தேவையில்லை, எண்ணால் பதில் சொல்லலாம். உடலில் பட்ட கதிரை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். கதிர்ப் பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட், ஓராண்டில் எப்போதும் 30-க்கு மிகாமல் என்பது இந்தியாவின் சட்ட வரம்பு. கருவுற்ற பணியாளர் தெரிவித்துவிட்டால், வயிற்றிலுள்ள குழந்தைக்கு மீதிக் காலம் முழுதுக்கும் ஒரு மில்லிசீவர்ட்தான் வரம்பு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லினாக் அறையின் கான்கிரீட் சுவர் எத்தனை அடி தடிமன் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவரே மருத்துவ இயற்பியலாளர். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் அவர் வாங்கிய ஒவ்வொரு துளியையும் பதிவு செய்கிறது. கதிரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதன் அருகில் போனவர்களுக்கு நேர்ந்ததுதான் உண்மையான ஆபத்து. 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று பழைய இரும்பாக ஏலம் விட்ட கருவிக்குள் கோபால்ட் இருந்தது தெரியாமல் பிரித்த தொழிலாளிகளில் ஒருவர் இறந்தார். அறிவு குறைந்த இடத்தில் நேர்ந்த சாவைக் காட்டி, அந்த அறிவைத் தரும் படிப்புக்குப் போகாதே என்று பிள்ளையிடம் சொல்வது எந்த நியாயம்?

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றே ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். படித்து முடித்தவர்களுக்குப் பாதை சீராக இல்லை. கட்டாயமான ஓராண்டுப் பயிற்சிக்கு இடங்கள் போதவில்லை. கிடைத்தாலும் உதவித்தொகை எல்லா இடத்திலும் ஒழுங்காக இல்லை. ஆனால் இந்தக் குறை படிப்பைப் பற்றியதா, அதை இப்படி நடத்துகிறவர்களைப் பற்றியதா? தேவை இல்லாததால் வேலை இல்லை என்றால் வாதம் முடிந்தது. தேவை அப்படிச் சொல்லவில்லை. பத்து லட்சம் பேருக்குக் குறைந்தது ஒரு கதிர்ச் சிகிச்சைக் கருவி என்பது வளரும் நாடுகளுக்குச் சொல்லப்படும் அடிமட்ட அளவு. திருவண்ணாமலை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 24 லட்சத்துக்கு மேல் மக்கள். அந்த அளவுப்படி இந்த ஒரு மாவட்டத்துக்கே இரண்டு கருவிகளுக்குக் குறையக் கூடாது. ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் புற்றுநோய் என்று தெரிந்தவர்கள் வேலூருக்கும் காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் தொடர வேண்டிய சிகிச்சையைக் கூலி வேலையை விட்டுவிட்டு வெளியூரில் தங்கி முடிப்பது எத்தனை பேரால் முடியும்? பாதியில் நிறுத்துவதும் குறைந்த டோஸ்தான். விளைவும் அதேதான். கருவியைக் கோடிக்கணக்கில் கொடுத்து ஆறு மாதத்தில் இறக்கிவிடலாம். அதை அளந்து திறக்கும் ஆளை ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது.

ஆகவே, மாற வேண்டியது மாணவரின் விருப்பப் பட்டியல் மட்டுமில்லை. திருவண்ணாமலையில் 1966-இலிருந்து அரசு கலைக் கல்லூரி இருக்கிறது; 2013-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முன்னதில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் பின்னதன் வாசலைத் தங்களுக்கும் உரிய வாசலாக நினைப்பதில்லை. நினைக்கும்படி யாரும் அவர்களிடம் பேசியதும் இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் இறுதியாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தப் பாதையைச் சொல்லட்டும். புதிய கதிர்ச் சிகிச்சைக் கருவி வாங்கும் ஒவ்வொரு அரசாணையிலும், இரண்டு மருத்துவ இயற்பியலாளர் பணியிடமும் உதவித்தொகையோடு பயிற்சி இடமும் சேர்ந்தே அறிவிக்கப்படட்டும். பெற்றோருக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இயற்பியலும் கணிதமும் பிடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டராக முடியவில்லையே என்று அந்தப் பிள்ளையின் காதுபட வருந்தாதீர்கள். டாக்டர் எழுதும் எண்ணை நோயாளியின் உடலுக்குள் உண்மையாக்கத் தெரிந்தவர் இல்லாமல் எந்த ஊரிலும் கதிர்ச் சிகிச்சைத் துறையைத் திறக்கக் கூடாது; சட்டமும் அதைத்தான் சொல்கிறது.